தோடர் மொழியின் உயிரும் மெய்யும்

மாந்தரின் மொழிகள் வேறுபட்டிருப்பதை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயமாகிய ‘அர்ரூம்’ எடுத்துரைக்கிறது. சான்று என்று சுட்டப்பட்ட ஒன்றைக் கண்ணும் காதும் கொண்டு ஆராய்வது கற்றோர் கடமையாகும். அக்கடமையை நினைவூட்டச் சென்னையின் மேற்குப் புறநகரைவிடப் பொருத்தமான இடம் அரிது. 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கியது. அவற்றை நாடிப் பல மாநிலத்தவரும் வந்து குடியேறினர். தெலுங்கும் மலையாளமும் இந்தியும் உருதுவும் தமிழோடு கலந்து ஒலிக்கும் இவ்வூர்களின் சாலையோரத்தில், நரிக்குறவர் தமக்குள் பேசிக்கொள்ளும் வாக்ரிபோலியும் நம் காதில் விழுவதுண்டு. நாம் அதனைக் கேட்கிறோம், ஆனால் செவிமடுப்பதில்லை.

நாள்தோறும் இரவில் சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் நீலகிரி விரைவு வண்டி, நம் அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்தே மேட்டுப்பாளையம் செல்கிறது. அங்கிருந்து மலை ஏறினால், உலக ஒலியியல் அறிஞர்களை வியப்பில் ஆழ்த்திய ஒரு மொழி வழங்கும் நிலத்தை அடையலாம். அதுவே தோடர் மொழி. தமிழின் உடன்பிறப்பாகிய அம்மொழியை உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் அறிந்த அளவுகூட நாம் அறிந்தோமில்லை. அதன் உயிரொலிகளையும் மெய்யொலிகளையும் எவ்வாறு ஒலிப்பது என்பதை, தமிழ் மாணவர்க்குப் பழக்கமான சொற்களால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு விளக்கும்போது, தமிழைப் பற்றியும் ஓர் உண்மை புலப்படும் என நம்புகிறோம்.

மொழியும் அதனை ஆய்ந்தோரும்

நீலகிரியின் மேட்டு நிலத்தில் எருமை வளர்த்து வாழும் பழங்குடியினர் தோடர். பூத்தையல் செய்த அவர்தம் போர்வையைச் சுற்றுலாப் பயணிகள் நன்கறிவர். அத்தையற்கலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்தம் குடியிருப்பை நாம் ‘மந்து’ என்கிறோம். ஆங்கிலேயர் உதகைக்கு வழங்கிய பெயரின் ஈற்றிலும் அம்மந்தே ஒளிந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படித் தோடர் ஏறத்தாழ 2,000 பேர். 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகளையே கணக்கெடுப்பு தனித்தனியே பெயர் சுட்டி வெளியிடுவதால், தோடர் மொழி ‘பிற மொழிகள்’ என்னும் தொகுப்பினுள் மறைந்துவிடுகிறது. யுனெஸ்கோ நிறுவனம் அதனை மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ள மொழிகளின் வரிசையில் வைத்துள்ளது.

தமிழுலகம் நன்கறிந்த ஜி.யு. போப் அவர்கள் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்ப்பதற்கு முன்பே தோடர் மொழியை எழுத்தில் கொணர முயன்றவர். 1873இல் வெளிவந்த மார்ஷல் என்பாரின் தோடர் பற்றிய நூலில், போப் எழுதிய சுருக்க இலக்கணம் இணைக்கப்பட்டது. பின்னர் 1906இல் ரிவர்ஸ் தோடர் வாழ்வியலைப் பெருநூலாக எழுதினார். எனினும் அம்மொழியின் ஒலிகளை முறையாக வகுத்துக் காட்டிய பெருமை எமனோ அவர்களையே சாரும். கனடாவில் பிறந்த அவர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கிக் களப்பணி ஆற்றினார். அவருடைய ‘தோடர் பாடல்கள்’ 1971இலும், இலக்கணமும் பனுவல்களும் அடங்கிய நூல் 1984இலும் வெளிவந்தன. நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியே ச. சக்திவேல் அவர்கள் 1976இல் தோடர் மொழியின் ஒலியியலைச் சொற்றொகுதியுடன் வெளியிட்டார். ஒலியியல் அறிஞர் பீட்டர் லேடஃபோகெட், பெரி பாஸ்கரராவ் முதலியோருடன் இணைந்து, தோடரின் உருளொலிகளைக் கருவிகளால் அளந்து 1996இல் கட்டுரை வெளியிட்டார்.

நம் கையிலுள்ள இரு விளக்குகள்

அயல்மொழி ஒன்றின் ஒலியைக் கற்க விழைவோர் முதலில் எழுத்தை நாடுகின்றனர். தோடர் மொழிக்கு வழிவழி வந்த எழுத்து இல்லை. ஆகவே எழுத்தை விட்டு உறுப்பை நாடவேண்டும். அதாவது நாவும் இதழும் அண்ணமும் என்ன செய்கின்றன என்று நோக்கவேண்டும். இம்முறை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதனைத்தான் செய்கிறது. உந்தியில் தோன்றும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது அவ்வியலின் சாரம். நா அண்ணத்தை ஒற்றுவது வேறு, வருடுவது வேறு என்று தொல்காப்பியர் பிரித்துரைத்திருப்பதை மாணவர் மறத்தலாகாது.

மற்றொரு விளக்கு, நம் வீட்டுச் சிறார் மதரசாவில் கற்கும் தஜ்வீது கலையாகும். ஒவ்வோர் அரபி எழுத்தும் பிறக்கும் இடத்தை ‘மக்ரஜ்’ என்பர். இமாம் இப்னுல் ஜஸரீ அவர்களின் வகைப்பாட்டில் மக்ரஜ் 17 ஆகும். ‘ஹதீஸ்’ என்னும் சொல்லின் ஈற்றெழுத்தை ஒலிக்கையில் நுனிநா முன்பற்களுக்கு இடையே வரவேண்டும் என்றும், ‘கலீஃபா’ என்னும் சொல்லின் முதலெழுத்து மிடற்றை ஒட்டி உரசி வரவேண்டும் என்றும் ஆசான் திருத்துவார். தோடர் மொழியில் இவ்விரண்டையும் ஒத்த ஒலிகள் உள்ளன. ‘ஃபஜ்ர்’ என்பதன் முதலொலியும் உண்டு. ஆகவே பிறப்பியலும் தஜ்வீதும் கற்ற ஒருவர், தோடர் மொழியின் வாயிலில் பாதி கடந்தவர் எனலாம்.

இனிவரும் பகுதிகளில் தோடச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒற்றை மேற்கோளுக்குள் தருகிறோம். அவை அச்சொற்களின் நிழல்களே. உருவத்தை விளக்கத்தால் அறிந்துகொள்ள வேண்டும்.

உயிர் ஒலிகள்

தமிழ் உயிர்களில் ஐ, ஔ என்னும் கூட்டொலிகளை நீக்கினால் எஞ்சுவன பத்து. அவை ஐந்து நாநிலைகளின் குறிலும் நெடிலும் ஆகும். தோடர் மொழியிலோ எட்டு நிலைகள். ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. ஆகப் பதினாறு உயிர்கள். திராவிட மொழியொன்றுக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கையாகும்.

அகரம், இகரம், உகரம், எகரம், ஒகரம் ஆகிய ஐந்தும் நமக்கு அறிமுகமானவையே. எனினும் எகரத்தின் நெடிலில் மட்டும் கவனம் வேண்டும். அது நம் ஏகாரத்தைவிட வாயை அகலத் திறந்து ஒலிப்பது. ஆங்கிலம் கற்றோர் ‘பேங்க்’ என்னும் சொல்லில் ஒலிக்கும் உயிரை நீட்டினால் அதற்கு அணித்தாகும்.

எஞ்சிய மூன்றுமே நமக்குப் புதியவை. முதலாவது, இதழ் குவிந்த இகரம். ‘இ’ என்று ஒலித்து, நாவை அசைக்காமல் இதழ்களை மட்டும் உகரத்திற்குப் போலக் குவிக்கவேண்டும். இரண்டாவது, இதழ் குவிந்த எகரம். ‘எ’ என்று தொடங்கி அவ்வாறே இதழ்களைக் குவித்தால் ஏறக்குறைய அவ்வொலி கிட்டும். ‘எட்டு’ என்னும் எண்ணுப்பெயரைத் தோடர் இவ்வுயிர் கொண்டே சொல்கின்றனர்.

மூன்றாவது, இதழ் குவியாத உகரம். இது அருமையானது என்று அஞ்ச வேண்டா. நம் நாவில் நாள்தோறும் வழங்குவதுதான். ‘காடு’, ‘பட்டு’ என்னும் சொற்களை இயல்பாகச் சொல்லி, ஈற்றுயிரைக் கூர்ந்து நோக்குக. ‘புலி’ என்பதில் குவியும் இதழ் அங்கே குவிவதில்லை. இதனைத்தான் நம் இலக்கணிகள் குற்றியலுகரம் என்று பெயரிட்டுத் தனியே வைத்தனர். தமிழில் அது சொல்லின் ஈற்றில் ஒடுங்கிக் கிடக்கிறது. தோடர் மொழியில் சொல்லின் தொடக்கத்திலும் நிமிர்ந்து நிற்கிறது. தோடர் வாழ்வின் நடுநாயகமாகிய எருமையின் பெயரே அவ்வுயிரில் தொடங்குகிறது. நாம் ‘இர்’ என்று எழுதினால் முதலெழுத்து இகரமன்று. நம் குற்றியலுகரத்தை முதலில் வைத்து ஒலிக்கும் ‘எருமை’யே அது.

இங்கே ஒரு விதியும் நினைவுகூரத் தக்கது. தமிழில் ஆகாரம் உள்ள பல சொற்களில் தோடர் ஓகாரம் ஒலிக்கின்றனர். நம் ‘ஆறு’ என்னும் எண் அவர்க்கு ‘ஓற்’. நம் ‘ஆள்’ அவர்க்கு ‘ஓள்’ போல்வது. தம் இனத்தாரை அவர்கள் குறிக்கும் சொல்லும் இதுவே. இவ்விதியை உளத்தில் கொண்டால் அடுத்துவரும் செய்தி எளிதில் விளங்கும்.

மொழியா, பாலா?

தோடர் மொழியில் நாம் ஸகர, ஷகரம் என்று எழுதக்கூடிய ஒலிகள் நான்கு. நான்கும் நான்கு வேறு மெய்கள். ஒன்றை மற்றொன்றாக ஒலித்தால் பொருள் மாறும். ‘காசு’ என்பதற்கு உறவான ‘கோஸ்’ என்பதில், நா பல்லை ஒட்டி நிற்க ஸகரம் பிறக்கிறது. நம் ‘பால்’ என்பதற்கு உறவான ‘போஸ்’ என்பதில் வருவது அந்த ஸகரமன்று. நா சற்றே பின்வாங்கி, மேற்பல் வேருக்குப் பின்னுள்ள மேட்டை நோக்கி எழவேண்டும். ‘பாஷை’ என்பதிலிருந்து வந்த ‘போஷ்’ என்பதில், நாவின் முற்பகுதி அண்ணத்தை நோக்கி உயர்ந்து, ‘ஷுக்ர்’ என்பதன் முதலொலி போன்றது பிறக்கிறது. நான்காவது, நுனிநாவை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கும் ஷகரம். அதனை ஈற்றில் கொண்ட பெயர்ச்சொல்லும் அவர்களிடம் உண்டு.

இவற்றுள் பாலும் மொழியும் ஒன்றோடொன்று எத்துணை நெருங்கி நிற்கின்றன என்று காண்க. உயிரும் ஒன்றே, முதல்மெய்யும் ஒன்றே. நாவின் இருப்பில் அரை விரற்கடை கூட இல்லாத வேறுபாடே அவற்றைப் பிரிக்கிறது. செவி பழகாத வெளியூரார் ஒருவர் ‘உங்கள் மொழியைக் கற்க வந்தேன்’ என்று சொல்ல எண்ணி, ‘உங்கள் பாலைக் கற்க வந்தேன்’ என்று சொல்லிவிட நேரும். தோடர்க்குப் பாலும் எளிய பொருளன்று. அவர்தம் பால்மனைகளே கோயில்கள். பால் கறப்பதும் கடைவதும் சடங்குகளோடு கூடியவை. ஆகவே இவ்விரு சொற்களும் அம்மக்களின் வாழ்வில் இரண்டு தூண்கள். அத்தூண்களைப் பிரித்துக் காட்டுவது நுனிநாவின் நுட்பம் ஒன்றே.

மூச்சினால் வேறுபடும் லகரம்

தமிழில் ‘கல்’ என்பது இருபொருள் ஒருமொழி. ஒன்று பெயர்ச்சொல், மற்றொன்று கற்றலைக் குறிக்கும் வினை. இரண்டையும் நாம் ஒரே வகையாக ஒலிக்கிறோம். தோடர் மொழியில் இவ்விரண்டின் உறவுச் சொற்களும் உள்ளன. பெயர்ச்சொல் அங்கே கோக்கும் மணியைக் குறிக்கிறது. வினை கற்றலையே குறிக்கிறது. ஆனால் அவர்கள் இரண்டையும் ஒன்றாக ஒலிப்பதில்லை. மணியைக் குறிக்கும் ‘கல்’லின் ஈற்றில் நம் லகரமே வருகிறது. கற்றலைக் குறிக்கும் ‘கல்’லின் ஈற்றிலோ குரலற்ற லகரம் வருகிறது.

அதனை ஒலிக்கும் முறை இதுவாகும். லகரத்திற்கு உரியவாறு நுனிநாவை மேலே பொருத்துக. குரல்நாளங்களை அதிரவிடாமல், மூச்சை மட்டும் நாவின் இரு விளிம்பு வழியாகவும் உரசிச் செல்லும்படி விடுக. மிடற்றில் விரலை வைத்துப் பார்த்தால் அதிர்வு தென்படலாகாது. சீறும் லகரம் என்று இதனைச் சொல்லலாம். ஐரோப்பாவில் வேல்சு மொழியில் இத்தகைய ஒலி உண்டு. ளகரத்திற்கும் இதுபோலச் சீறும் இணை தோடரிடம் உள்ளது. நாவை வளைத்துச் சீறும் அவ்வொலி உலக மொழிகளில் மிக அரிது.

இவ்விடத்தில் நம்மவர் வழக்கொன்று நினைவுக்கு வருகிறது. ‘ரமளான்’, ‘ஃபர்ளு’, ‘ஹள்ரத்’, ‘காளி’ என்று தமிழ் முஸ்லிம்கள் ளகரம் இட்டு எழுதியும் பேசியும் வருகின்றனர். இன்றைய அரபு நாட்டார் பலர் அவ்வெழுத்தைத் தடித்த டகரம் போல ஒலிப்பதால், நம் வழக்கைப் பிழையென நகைப்போரும் உளர். ஆனால் 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு இலக்கண மேதை சீபவைஹி, அவ்வெழுத்து நாவின் விளிம்பும் அதனை அடுத்த கடைவாய்ப் பற்களும் சேரும் இடத்தில் பிறப்பது என்றே வரையறுத்துள்ளார். விளிம்பு வழியே மூச்சு உரசிவரும் ஒலிகளின் இனத்தைச் சார்ந்தது அது என்பதே இதன் கருத்து. நம் முன்னோர் அதற்கு ளகரத்தைத் தேர்ந்தது செவியின் கூர்மையைக் காட்டுகிறது. தோடரின் சீறும் லகரமும் அரபியின் அப்பழைய எழுத்தும் ஒன்றல்ல. முன்னது குரலற்றது, பின்னது குரலுடையது. எனினும் நாவிளிம்பில் மூச்சை உரசவிடும் பயிற்சி இரண்டுக்கும் பொதுவாகும்.

மூன்று உருளொலிகள்

தோடர் மொழியின் பெரும்புகழ் அதன் ரகரங்களால் வந்தது. நா அதிர்ந்து உருளும் ஒலிகள் அங்கே மூன்று. ஒன்று மேற்பல்லின் பின்புறத்தை ஒட்டிப் பிறப்பது. மற்றொன்று பல்வேர் மேட்டில் பிறப்பது. மூன்றாவது, நுனிநா பின்னோக்கி வளைந்து நின்று முன்னோக்கி விரையும்போது அதிர்ந்து பிறப்பது. துணியின் கரை, சாறு, கன்றுகளை அடைக்கும் பட்டி ஆகிய மூன்று பொருள்களைத் தரும் மூன்று சொற்கள் அவர்களிடம் உள்ளன. மூன்றையும் நாம் எழுதினால் ‘கர்’ என்றே எழுதுவோம். தோடர்க்கோ அவை ஒன்றோடொன்று மயங்காத மூன்று சொற்கள். உருளும் மெய் மட்டுமே அவற்றைப் பிரிக்கிறது. இம்மூன்றும் யகரச் சாயல் ஏறி வருவதும் உண்டு. அப்போது நா உருளும் அதே நேரத்தில், அதன் நடுப்பகுதி இகரத்திற்குப் போல உயரவேண்டும். ஆக உருளொலிகள் ஆறு. உருளொலியை மூன்று இடங்களில் வைத்துப் பொருள் வேறுபடுத்தும் மொழி உலகில் அரிதாதலின், ஒலியியல் நூல்கள் தோடரைத் தவறாமல் எடுத்துக்காட்டுகின்றன.

இங்கே நாம் சற்று நின்று நம்மை நோக்கவேண்டும். தமிழ் நெடுங்கணக்கில் ரகரமும் றகரமும் தனித்தனி எழுத்துகள். நுனிநா அண்ணத்தை வருடப் பிறப்பது ரகரம், ஒற்றப் பிறப்பது றகரம் என்று தொல்காப்பியர் வகுத்தார். குமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் இவ்வேறுபாடு பேச்சில் இன்றும் கேட்கிறது. ஆனால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் நாம் ‘கரி’யையும் ‘கறி’யையும் ஒன்றாகவே ஒலிக்கிறோம். தேர்வுத்தாளில் மாணவர் ரகர றகரப் பிழை செய்தால் சிவப்பு மையால் கோடிடுகிறோம். வகுப்பில் நாமே அவ்வேறுபாட்டை ஒலித்துக் காட்டுவதில்லை. தோடரோ நம் ‘ஆறு’க்கு நேரான சொல்லின் ஈற்றில், பல்வேர் மேட்டு உருளொலியைப் பிறழாமல் ஒலிக்கின்றனர். ‘மூன்று’க்கு நேரான அவர்தம் சொல்லின் ஈற்றில் வருவது தகரமும் அன்று, டகரமும் அன்று, இரண்டுக்கும் இடையே பல்வேர் மேட்டில் நா ஒற்றப் பிறக்கும் வல்லொலி. யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ என்பதில் ஒலிக்கும் றகர ஒற்றின் இனத்தைச் சேர்ந்தது அது.

இக்கட்டுரையால் நாம் வலியுறுத்த விழையும் கருத்து இதுவேயாகும். தமிழர் இவ்வேறுபாட்டை எழுத்தில் காத்தனர். தோடர் நாவில் காத்தனர். நம்மிடம் ஏடு இருந்ததால், நாவில் இழந்தும் அஃது இருந்தது என்பதையேனும் அறிகிறோம். தோடரிடம் ஏடு இல்லை. அவர் நாவில் ஓர் ஒலி மறைந்தால், அது இருந்த தடயமும் அவர்தம் இல்லத்தில் எஞ்சாது.

ஈற்றில் நிற்கும் மெய்கள்

தமிழர் தோடச் சொற்களை ஒலிக்கையில் பெரிதும் வழுவும் இடம் சொல்லின் ஈறு ஆகும். வல்லின மெய் சொல்லின் ஈற்றில் நில்லாது என்பது நம் மொழியின் இயல்பு. ஆகவே எந்தச் சொல்லையும் உகரம் சேர்த்து முடிக்க நம் நா முந்துகிறது. ‘பஸ்’ஸும் ‘பஸ்ஸு’ ஆகிறது. தோடர் மொழி இதற்கு நேர் எதிரானது. ஈற்றுயிர் பெரும்பாலும் தேய்ந்து மறைந்து, மெய்யே முடிவாக நிற்கிறது. ‘எட்டு’ என்பதன் தோட வடிவம் டகர மெய்யோடு முடிகிறது. நாம் உகரம் சேர்த்தால் அது மீண்டும் தமிழாகிவிடும்.

நம் ‘மக’ என்னும் சொல்லுக்கு உறவாகத் தோடர் மகனையும் குழந்தையையும் குறிக்க வழங்கும் சொல்லை ‘மொஃ’ என்று ஆய்தத்தால் ஓரளவு காட்டலாம். ஈற்றில் வருவது ககரமன்று. ‘ஷைகு’ என்பதை ஓதுவோர் ஒலிக்கும் உரசொலிக்கு அணித்தானது. ஆய்தம் எவ்வாறு ஒலித்தது என்று தமிழ் வகுப்புகளில் நாம் நெடுநேரம் வாதிடுகிறோம். அத்தகைய உரசொலிகள் உயிரோடு வழங்கும் உறவுமொழி ஒன்று நம் மாநிலத்திலேயே இருப்பதை அவ்வாதத்தில் எவரும் நினைப்பதில்லை.

மேலும், வல்லெழுத்துகளின் குரலுள்ள ஒலியும் குரலற்ற ஒலியும் தமிழில் இடம் நோக்கித் தாமே மாறுவன. ஆதலின் ஓரெழுத்தே போதும். ‘பல்’ என்பதன் பகரமும் ‘அம்பு’ என்பதன் பகரமும் வேறு ஒலியாயினும் எழுத்து ஒன்றே. தோடரில் அவை பொருள் வேறுபடுத்தும் தனி மெய்கள். அதனால் தமிழ் எழுத்தில் தோடர் மொழியை எழுதுவோர்க்கு, ஸகரங்களில் மட்டுமன்றிக் க, ட, த, ப ஆகியவற்றிலும் இடர் நேர்கிறது.

எழுத்து இல்லையெனில் ஆக்கலாகாதா?

இவ்விடரைக் கண்டு தளர வேண்டுவதில்லை. இதே இடரை வேறொரு திசையிலிருந்து எதிர்கொண்டு வென்ற வரலாறு நம்முடையது. தமிழை அரபி எழுத்தில் எழுதக் கருதிய நம் முன்னோர்க்கு, அரபியில் பகரம் இல்லை, டகரம் இல்லை, ணகர ளகர ழகரங்கள் இல்லை. எகர ஒகரங்களும் இல்லை. அவர்கள் தமிழைச் சிதைக்கவில்லை, எழுத்தை வளர்த்தனர். இருக்கும் எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகள் இட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கினர். ‘ளாத்’ எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்து ழகரம் ஆக்கியது அவற்றுள் ஒன்று. இவ்வாறு எழுந்த அரபுத்தமிழில் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் மார்க்க நூல்கள் பல இயற்றப்பட்டன. 1898இல் மறைந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் நூல்களால் அது சிறப்புற்றது. ஒலிக்கு எழுத்து பணியவேண்டுமேயன்றி, எழுத்துக்கு ஒலி பணியலாகாது என்பதே அரபுத்தமிழ் தரும் பாடம்.

அவ்வாறே தமிழ் எழுத்துக்குச் சில புள்ளிகளும் கோடுகளும் சேர்த்துத் தோடர் மொழியின் பதினாறு உயிர்களையும், நான்கு ஸகரங்களையும், மூன்று உருளொலிகளையும் எழுத இயலும். ஆனால் எழுத்து எவ்வளவு திருத்தமாயினும், அதனைப் பார்த்து ஒலிக்க ஒரு நா வேண்டும். தஜ்வீது கலையை நூலால் மட்டும் கற்கலாகாது, ஆசான் வாய்க்கேட்டே கற்கவேண்டும் என்பது பெரியோர் வழக்கு. தோடர் மொழிக்கும் அது பொருந்தும். எமனோவின் நூல்கள் நூலகத்தில் இருக்கும்; ஆனால் ‘போஸ்’ எது, ‘போஷ்’ எது என்று ஒரு குழந்தையின் நாவைத் திருத்தப் பாட்டியின் குரலே வேண்டும். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கற்கும் தோடக் குழந்தை வீட்டிலும் அவற்றையே பேசத் தொடங்கினால், முதலில் நலிவன அவ்விரண்டிலும் இல்லாத ஒலிகளே. சீறும் ளகரமும் வளைநா உருளொலியும் அவ்வாறு நலிந்தால், சொற்கள் எஞ்சியிருந்தும் மொழி தன் உருவை இழக்கும்.

நாம் செய்யத்தக்கது

ஐக்கிய நாடுகள் அவை 2019ஆம் ஆண்டைப் பழங்குடி மொழிகளின் ஆண்டாகக் கொண்டாடியது. 2022 முதல் 2032 வரையுள்ள பத்தாண்டுகளையும் அம்மொழிகளுக்கே உரித்தாக்கியது. தமிழ்த்துறையினராகிய நாம் இதில் செய்யத்தக்க பணி சிறிதாயினும் உறுதியானது. மொழியியல் பாடத்தில் ஆங்கில, பிரெஞ்சு எடுத்துக்காட்டுகளுக்குப் பதிலாகத் தோடர், கோத்தர், இருளர் மொழிகளின் ஒலிகளை வைக்கலாம். பிறப்பியல் நூற்பாக்களை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், மாணவர் தம் நாவால் அவற்றைச் சோதித்தறியச் செய்யலாம். ரகரத்தையும் றகரத்தையும் நாமே வேறுபடுத்தி ஒலிக்கத் தொடங்கலாம்.

இப்பயிற்சிக்கு மலை ஏறவும் வேண்டுவதில்லை. ஆவடி பருத்திப்பட்டில் நரிக்குறவர் வாழ்கின்றனர். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அவர்களுடைய வாக்ரிபோலி இந்தோ ஆரிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. அதுவும் வழிவழி வந்த எழுத்து இல்லாதது. நம் வகுப்பறையில் அச்சமூகத்து மாணவர் ஒருவர் வந்து அமர்ந்தால், வருகைப் பதிவேட்டிலுள்ள அவர் பெயரை அவர்தம் தாய் அழைப்பதுபோல ஒலிக்கக் கற்பது நம் முதல் ஒலியியல் பாடமாகட்டும். ‘உன் வீட்டில் இதனை எவ்வாறு சொல்வீர்கள்?’ என்று கேட்டு, அவர் சொல்வதை இருமுறை கேட்டு, மூன்றாம் முறை நாம் சொல்லிப் பார்த்து, பிழையிருப்பின் அவரைக்கொண்டே திருத்திக்கொள்வோமாக. ஆசிரியராகிய நாம் அக்கணத்தில் மாணவராவோம்; அதில் இழிவு ஏதுமில்லை.

ஒரு மொழியின் ஒலியைச் செம்மையாக ஒலிப்பது அம்மொழி பேசுவோர்க்கு நாம் செலுத்தும் மரியாதையின் முதற்படி. நீலகிரி விரைவு வண்டி இன்றிரவும் நம் ஊரைக் கடந்து செல்லும். அதில் ஏறிச்செல்லும் நம் மாணவர், மலையுச்சியில் ஒரு தோட மூதாட்டியைக் கண்டு, அவர்தம் ‘மொழி’யைப் பாலாக்கிவிடாமல் சொல்லும் நாள் வருமாயின், தமிழ்த்துறையின் பணி நிறைவுற்றதென மகிழ்வோம்.